கார்டில் இருக்கிற ஆள்

இந்தக் கார்டில் என்னுடையது என்று எதைச் சொல்வது? பெயர் அக்காவுடையது. பிறந்த திகதி அக்காவுடையது. படத்தில் இருப்பது மட்டும் நான். அதையும், கண்ணாடியைக் கழற்றிய அக்கா என்றுதான் சொல்வார்கள். கேட்டவுடன் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். ஏன் கொடுக்கவில்லை?

சுகிர்தா, கனடாவில் காசில்லாமல் வைத்தியம் பார்க்கக் காட்டுகிற ஹெல்த் கார்டைத் திரும்பவும் பேர்ஸுக்குள் செருகினாள். குசினிக் குழாயைத் திறந்து, கழுவி முடித்த கோப்பைகளை இன்னொரு முறை கழுவத் தொடங்கினாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை முன்னறையில் இருப்பவர்கள் அவளைக் கூப்பிட மாட்டார்கள்.

அக்கா இராஜேஸ்வரியும் அத்தான் கிருபனும் அன்று மத்தியானம்தான் அமெரிக்காவில் டிட்ரொயிற் பக்கமிருந்து காரில் வந்திறங்கியிருந்தார்கள். வழமையாகக் கோடையில் வருகிறவர்கள். மார்ச் மாதத்தில், பனிக் குவியல்கள் றோட்டோரம் கறுத்துப்போய்க் கிடக்கிற நேரத்தில், அவர்கள் ரொறன்ரோவுக்கு, சுகிர்தாவின் அஜின்கோர்ட் வீட்டுக்கு வந்ததே இல்லை. தேத்தண்ணி ஆறுவதற்குள் அத்தான் விசயத்தைச் சொல்லிவிட்டார். அக்காவின் வலது மார்பில் ஒரு கட்டி. ஜனவரிக் கடைசியில் குளிக்கும்போது கண்டிருக்கிறாள். டிசம்பரோடு அவர்களுடைய இன்சூரன்ஸ் முடிந்திருந்தது.

அத்தான் கார் உதிரிப்பாகக் கொம்பனியில் எஞ்சினியராக இருந்தவரை அந்தக் கவலை அவர்களுக்கு இருந்ததில்லை. கொம்பனி ஆட்களைக் குறைத்தபோது அவரையும் நிறுத்தினார்கள். பிறகு சொந்தமாக ஒரு சிறிய தொழில். இன்சூரன்ஸை அரசாங்கத்தின் இணையச் சந்தையில் தாங்களே வாங்கினார்கள். மாதக் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசாங்கம் கட்டியது. அதை உதவி என்று அத்தான் ஒருநாளும் சொன்னதில்லை. 'என்ர வரிக்கழிவு' என்பார். கோடையில் சுகிர்தா வீட்டுப் பின்வளவில் இறைச்சி வாட்டிக்கொண்டு நிற்கும்போது, உழைக்கிறவனிடம் பறித்துச் சும்மா இருக்கிறவனுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள், அதை நிறுத்தப்போகிறவர்களுக்குத்தான் தன் வாக்கு என்று அவர் விளக்குவார். சுகிர்தாவின் கணவன் றமேஸ் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பான். அத்தான் கனடாவையும் விட்டுவைப்பதில்லை. உங்கள் நாட்டில் டொக்டரைக் காண முதல் யமனைக் கண்டுவிடலாம் என்பது ஒவ்வொரு வருடமும் அவர் சொல்லும் பகிடி. அதில் கொஞ்சம் உண்மை இருந்தபடியால் எல்லோரும் சிரிப்பார்கள்.

போன வருடக் கடைசியில் அந்த உதவியை நீட்டுவதா நிறுத்துவதா என்று வாசிங்டனில் சண்டை பிடித்து, அரசாங்கத்தையே ஒரு மாதத்துக்கு மேல் பூட்டி வைத்தார்கள். அத்தான் தொலைக்காட்சியில் அதைப் பார்த்தார். அவருடைய பக்கம் வென்றது. சண்டை தன்னுடைய வரிக்கழிவைப் பற்றியது என்பது, புது வருடத்துக்கான கட்டணத்தைத் திரையில் கண்ட பிறகுதான் அவருக்கு விளங்கியிருக்கிறது. ஒரு கோட்டுக்கு மேல் உழைக்கிறவர்களுக்கு இனி ஒரு சதமும் இல்லை. அவருடைய வருமானம் அந்தக் கோட்டுக்குச் சற்றே மேலே நின்றது. புதுக் கட்டணம் வீட்டுக் கடனையும் தாண்டியது. அடுத்த நவம்பரில் சந்தை திரும்பத் திறக்கும்போது எடுப்போம், அதற்கிடையில் என்ன வந்துவிடப் போகிறது என்று இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள்.

அத்தான் இதைச் சொன்னபோது அவருடைய குரலில் யார் மீதும் கோபம் இருக்கவில்லை. அதுதான் சுகிர்தாவைப் பயப்படுத்தியது. கோபம் இல்லாத ஆள் ஏற்கெனவே ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

வழியை அவருக்குக் காட்டியது அவளேதான். இரண்டு கிழமைக்கு முதல் அக்காவுடன் போனில் கதைக்கும்போது, செவ்வாய்க்கிழமை தனக்கு மார்புப் படம் எடுக்கிற நாள், புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எடுப்பது, வேலைக்கு அரைநாள் லீவு போடவேண்டும் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தாள். அப்போது அக்கா ஒன்றும் பேசவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்து 'ஹலோ, ஹலோ' என்று கூப்பிட்டது இப்போது ஞாபகம் வந்தது.

"செவ்வாய்க்கிழமை உமக்குப் பதிலா இவ போகட்டும்," என்றார் அத்தான். பிறகு, அந்தக் கனத்தைக் குறைக்க நினைத்தவர்போலச் சிரித்தார். "சட்டப்படி பாத்தால் உந்தக் கார்டில இருக்கிற ஆள் இவதானே, சுகி. நீர்தான் கள்ள ஆள்."

அக்கா தேத்தண்ணிக் கோப்பையின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். சுகிர்தா வெறுங்கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் வந்துவிட்டாள்.

*

அவர் சொன்னதில் பொய் இல்லை. போரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த அடுத்த வருடம், கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில், அப்பா நவரட்ணம் ஒரு பாஸ்போட்டை வைத்துக்கொண்டு இரண்டு மகள்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்போட் மூத்தவளுக்கு எடுத்தது. அவளைக் கனடாவுக்கு அனுப்ப ஏஜென்சிக்காரன் ஆயத்தமாக நின்றான். அந்த நேரம் பார்த்துத்தான் அமெரிக்க மாப்பிள்ளையின் சம்பந்தம் பொருந்தி வந்தது. இடம்பெயர்வில் பாஸ்போட் தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்து மூத்தவளுக்குப் புதியது ஒன்று எடுக்கலாம். பழையதில் இளையவள் போகட்டும். முகம் ஒன்றுதானே. அப்பா அதை ஒரு கணக்கைச் செய்து முடித்த நிம்மதியோடு சொன்னார். இரண்டு பேரிடமும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ரொறன்ரோ விமான நிலையத்தில், பாஸ்போட்டில் உள்ள பெயரையே கடைசிவரை சொல்லு, மாற்றிச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஏஜென்சிக்காரன் பயமுறுத்தி வைத்திருந்தான். அவள் சொன்னாள். அகதி வழக்கில் சொன்னாள். குடியுரிமை எடுத்தபோது அந்தப் பெயரில் கையை உயர்த்திச் சத்தியம் செய்தாள். பிறகு திருத்துவதற்கு வழி இருக்கவில்லை, அல்லது இருந்த வழியில் நடக்கத் துணிவு இருக்கவில்லை. அவள் வேலை செய்கிற பிள்ளைகள் காப்பகத்தில் சின்னதுகள் அவளை 'மிஸ் ராஜி' என்றன. கோயிலில் ராஜி அக்கா. சுகி என்று கூப்பிட இந்த உலகத்தில் மிச்சமிருந்தவர்கள் றமேஸும் இந்த இரண்டு பேரும்தான்.

அக்கா அதை ஒருநாளும் குத்திக் காட்டியதில்லை. என்ர பிறந்த திகதியால நாலு வருடம் முந்தியே உனக்குப் பென்சன் வரப்போகுது, அதிலே பாதி எனக்குத் தரவேணும் என்று மட்டும் பகிடி விடுவாள். அவ்வளவு பெரிய கடனை இவ்வளவு இலேசாக வைத்திருக்கிறாளே என்று சுகிர்தா ஒவ்வொரு முறையும் நன்றியோடு நினைப்பாள். நன்றியோடு ஒரு சின்ன எரிச்சலும் வரும். ஏன் என்று அவள் ஆராய்ந்ததில்லை.

றமேஸ் ஒஷாவாவில் வேலை முடிந்து வந்ததும், காரை விட்டு இறங்க முதலே அவள் போய்ச் சொன்னாள். அவன் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"உன்ர கார்ட். நீயே முடிவு செய்," என்றான்.

என்னுடைய கார்ட் என்றால் முடிவு செய்வது சுலபமாக இருக்குமே என்று அவள் நினைத்தாள்.

*

அடுத்த நாள் காலை அத்தான் றமேஸுடன் பிளாசாவுக்கு மீன் வாங்கப் போனபோது, அக்கா விருந்தினர் அறையில் உடுப்புகளை அலுமாரிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். உதவிக்குப் போன சுகிர்தா கட்டில் விளிம்பில் நின்றுவிட்டாள். இரண்டு சூட்கேஸ்கள். முதலாவதில் குளிருக்கான உடுப்புகள். இரண்டாவதில் மெல்லிய பருத்திச் சட்டைகள், கையில்லாத இரவுடுப்புகள், வெயிலுக்குப் போடும் தொப்பி, செருப்புகள்.

மார்ச் மாதத்தில் செருப்பு.

"எத்தினை நாள் நிக்கப்போறீங்கள், அக்கா?"

அக்கா ஒரு சட்டையை மடித்தாள். மடித்ததையே பிரித்துத் திரும்ப மடித்தாள்.

"படத்தில ஒண்டும் இல்லையெண்டால் வெள்ளிக்கிழமையே போயிடுவம்."

"இருந்தால்?"

"இருந்தால் உங்கட ஆக்கள் சும்மா விடமாட்டினம்தானே. கூப்பிட்டு, ஊசி குத்திப் பாத்து, ஒப்பரேசன் எண்டால் ஒப்பரேசன். எல்லாம் தொடர்ந்து நடக்கும். அத்தான் எல்லாம் விசாரிச்சவர்." அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அந்தக் கொஞ்ச நாளைக்கு நீ டொக்டரிட்டப் போகாமல் இருந்தால் சரி."

சுகிர்தா கட்டிலில் உட்கார்ந்தாள். ஒரு நாள் என்றுதான் நேற்றுக் கேட்டது. இப்போது அது கோடைவரை நீண்டு கிடந்தது. அக்கா ஆஸ்பத்திரியில் இராஜேஸ்வரி நவரட்ணமாகப் படுத்திருப்பாள். அந்த மாதங்களில் சுகிர்தாவுக்குக் காய்ச்சல் வரக்கூடாது. விழுந்து கையை முறிக்கக்கூடாது. ஆஸ்பத்திரிப் பதிவில் அவள் மார்பகப் புற்றுநோய்க்காரியாக எழுதப்பட்டிருப்பாள். காப்பகத்துக்குப் போய்க் குழந்தைகளுக்கு அப்பிள் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு எங்கோ கதிர்ச் சிகிச்சை நடக்கும்.

"பிடிபட்டால் என்ன நடக்கும் எண்டு யோசிச்சீங்களா? உது கார்டோட நிக்காது. எந்தப் பேரில இந்த நாட்டுக்குள்ள வந்தனான் எண்ட இடம்வரைக்கும் போகும்."

"ஆர் பிடிக்கிறது? பேர் சரி. திகதி சரி. முகம் சரி."

"உள்ளுக்க சரியில்லை, அக்கா."

அப்போதுதான் அதைச் சொன்னாள். நாலு வருடத்துக்கு முதல் அவளுடைய இடது மார்பில் ஏதோ தெரிந்து, ஊசியால் சதை எடுத்துச் சோதித்தார்கள். பயப்பட ஒன்றும் இல்லை என்று வந்தது. எடுத்த இடத்தை அடையாளம் வைக்க ஒரு எள்ளளவு உலோகக் கிளிப்பை உள்ளேயே விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு படத்திலும் அது வெள்ளைப் புள்ளியாக விழும். புதுப் படத்தைப் பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்துத்தான் டொக்டர்கள் பார்ப்பார்கள்.

அக்கா வெகுநேரம் அவளுடைய நெஞ்சைப் பார்த்தாள், துணிக்கு வெளியாலேயே அந்தப் புள்ளியைக் காணலாம் என்பதுபோல.

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

"ஒண்டுமில்லை எண்டு வந்திட்டுது. ஏன் உங்களைப் பயப்படுத்துவான் எண்டு..."

அது முழு உண்மை இல்லை. முடிவு வரும்வரை அந்த மூன்று கிழமையும் அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததற்கு வேறு காரணம் இருந்தது. இந்த நாட்டில் அவளுடைய பெயரோடு எழுதப்பட்ட எல்லாவற்றிலும் அக்கா இருந்தாள். தன் மார்பில் தெரிந்ததில் அக்கா இல்லை. அது அவளுக்கு மட்டும் வந்தது. தைரோயிட், பிள்ளைப்பேற்றில் ஏற்பட்ட இரத்தப்போக்கு, கலைந்துபோன இரண்டாவது கரு, இந்தக் கிளிப். கார்டின் முன்பக்கம் முழுவதும் இரவலாக இருக்கலாம். அதை இயந்திரத்தில் தேய்த்தவுடன் திறக்கிற வைத்தியப் பதிவு இருக்கிறதே, அங்கே இருப்பது சுகிர்தா. அங்கே மட்டும்தான் அவள் இருந்தாள்.

இதை எப்படி ஒரு கட்டியோடு நிற்கிற மனுசியிடம் சொல்வது?

"கிளிப் விழுந்திட்டுது எண்டு சொல்லுவம்," என்றாள் அக்கா.

"அது தோடு இல்லையக்கா, கழண்டு விழ."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அக்காவுக்கு நின்றுவிட்டது. அவள் சுகிர்தாவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் சட்டைக்குள் வைத்தாள். தோல் சூடாக இருந்தது. விரல்களை அவளே நகர்த்தினாள். அக்குளுக்குக் கொஞ்சம் கீழே, வறுத்த கடலை ஒன்று தோலுக்குள் போய் இறுகிவிட்டதுபோல.

"தெரியுதா?"

"ஓம்."

"ஒவ்வொரு நாளும் தொட்டுப் பாக்கிறன். சில நாள் சின்னனாப் போன மாதிரி. சில நாள்..." அவள் கையை விடவில்லை. "முப்பது வருசம் என்ர பேரில இருந்தாய், சுகி. நான் ஒரு நாளும் திருப்பிக் கேக்கேல்லை. கேட்டனா?"

"கேக்கேல்லை."

"இப்ப கேக்கிறன்."

வெளியே அத்தானின் கார் வந்து நின்றது. கதவு சாத்தும் சத்தமும், விலைமீனைப் பற்றி அவர் றமேஸுக்கு ஏதோ சொல்வதும் கேட்டது. அக்கா சட்டைப் பொத்தானைப் போட்டாள்.

*

திங்கட்கிழமை மத்தியானம், காப்பகத்தில் குழந்தைகள் உறங்கும் நேரத்தில், சுகிர்தா நடைபாதையில் நின்று படம் எடுக்கும் கிளினிக்குக்குப் போன் பண்ணினாள். முன்மேசையில் இருக்கும் பேர்ணடெற்றோடு அவளுக்கு முகப்பழக்கம் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவருக்குக் கட்டி இருந்தால் என்ன செய்வது என்று, யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டாள். அதே கட்டடத்தின் மேல்மாடியில் உள்ள டொக்டர் கார்ட் இல்லாதவர்களையும் காசுக்குப் பார்ப்பார், அவர் எழுதிக் கொடுக்கும் துண்டைக் கொண்டு வந்தால் இங்கே படம் எடுக்கலாம் என்றாள் பேர்ணடெற். சொல்லிவிட்டு, நல்லது நடக்கட்டும் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

இரவுச் சாப்பாட்டின்போது சுகிர்தா அதைச் சொன்னாள். அந்தச் செலவைத் தாங்கள் பார்ப்பதாகவும் சொன்னாள். றமேஸ் ஓம் என்று தலையசைத்தான். அத்தான் இடியப்பத்தைப் பிய்த்தபடி, படத்தை யாரும் எடுக்கலாம் என்றார். படம் ஒரு பிரச்சினையில்லை. படத்தில் ஏதும் இருந்தால், அதற்குப் பிறகு வருகிறதை யார் கட்டுவது? திரும்பி அமெரிக்காவில் வைத்தியம் பார்க்கப் போனால் வீட்டை விற்கவேண்டும். நவம்பரில் திரும்ப இன்சூரன்ஸ் எடுத்தாலும் அது அடுத்த ஜனவரியில்தான் தொடங்கும்.

"அதுவரைக்கும் அந்தக் கட்டிக்குப் பொறுமை இருக்குமோ?" என்று கேட்டார். அவர் குரல் அப்போதுதான் முதல்முறை உடைந்தது.

இந்த மனிதன் தன் மனைவிக்கு எதிராக வாக்குப் போட்டுவிட்டு, அது தெரியாமல் கோடை முழுவதும் அதைக் கொண்டாடியிருக்கிறார் என்று சுகிர்தாவுக்குத் தோன்றியது. சொல்லிக் காட்ட நாக்கு நுனிவரை வந்தது. அவருடைய தட்டில் பிய்த்துப் போட்ட இடியப்பம் சாப்பிடாமல் காய்ந்துகொண்டிருப்பதைக் கண்டு விழுங்கிவிட்டாள்.

"நாளைக்கு நானும் கூட வாறன்," என்றாள். அக்கா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். அவள் எடுத்துக்கொண்டாள் என்பது சுகிர்தாவுக்குத் தெரிந்தது. திருத்தவில்லை.

*

செவ்வாய்க்கிழமை காலை அக்கா சுகிர்தாவின் நீலக் கோட்டைப் போட்டிருந்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். காரில் போகும்போது விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். ஒரு இலக்கம் பிழையாக வந்தது. சுகிர்தா பழக்கத்தில் திருத்தினாள். திருத்திவிட்டு, தான் செய்ததை எண்ணி வெளியே பார்த்தாள். ஷெப்பர்ட் அவெனியூவில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் தோள்களை ஒடுக்கிக்கொண்டு நின்றார்கள். அத்தான் அவர்களை வாசலில் இறக்கிவிட்டுக் காரிலேயே இருந்தார். உள்ளே வரத் தனக்கு ஏலாது என்றார்.

காத்திருக்கும் அறையில் ஒரு சீனப் பெண்ணும், தூங்கிக்கொண்டிருந்த ஒரு கிழவரும். கார்ட் சுகிர்தாவின் பேர்ஸில் இருந்தது. பெயர் கூப்பிட்டவுடன் தருவாள் என்று அக்கா நம்பியிருந்தாள். அவளுடைய முழங்கால் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. கோட்டின் விளிம்பும் அதோடு நடுங்கியது. எனது கோட், அக்காவின் முழங்கால் என்று சுகிர்தா நினைத்தாள். கொடுத்தால் இந்த நடுக்கம் நிற்குமா? நிற்கும். இன்றைக்கு நிற்கும். பிறகு ஒரு டொக்டர் இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்து, வெள்ளைப் புள்ளியைத் தேடுவார். அல்லது தேடமாட்டார். அவருக்கு நேரம் இருக்காது. பழைய படத்தில் இடது பக்கத்தில் இருந்ததையும் புதுப் படத்தில் வலது பக்கத்தில் இருப்பதையும் ஒரே உடம்பென்று நம்பி, இல்லாத உடம்பு ஒன்றுக்கு மருந்து எழுதுவார்.

அந்த உடம்பில் அக்காவும் இருக்கமாட்டாள். நானும் இருக்கமாட்டேன்.

"ராஜேஸ்வரி நவரட்ணம்," என்று கூப்பிட்டாள் பேர்ணடெற்.

இரண்டு பேரும் எழுந்தார்கள்.

சுகிர்தா தன் கால்கள் எழுந்ததை எதிர்பார்க்கவில்லை. அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். கலியாணத்துக்குப் பிறகு அக்கா இராஜேஸ்வரி கிருபன். தகப்பனின் பெயரோடு அவளை யாரும் கூப்பிட்டு முப்பது வருடம் ஆகியிருக்கும். பள்ளிக்கூடத்தில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டதுபோல அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். முகத்தில் பயம் இல்லாமல் போயிருந்தது. அந்த ஒரு கணத்தில் அது அவளுடைய பெயர் மட்டும்தான்.

பேர்ணடெற் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துச் சிரித்தாள். உங்களில் யார் ராஜேஸ்வரி என்று கேட்டாள்.

அக்கா முன்னால் ஒரு அடி வைத்தாள். கையைப் பின்னால், சுகிர்தாவின் பக்கமாக, திரும்பிப் பாராமலே நீட்டினாள். உள்ளங்கை திறந்திருந்தது.

"நான்," என்றாள் சுகிர்தா ஆங்கிலத்தில். "இவர் என் அக்கா. அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறார். கட்டி இருக்கிறது. நேற்றுப் போனில் கேட்டேனே, அது இவருக்குத்தான். இவரிடம் கார்ட் இல்லை."

பேர்ணடெற்றின் சிரிப்பு மெல்ல மாறியது. மேல்மாடி டொக்டருக்குப் போன் எடுத்துக் கேட்பதாகச் சொல்லித் திரும்பிக்கொண்டாள்.

அக்காவின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"சுகி," என்றாள் தாழ்ந்த குரலில். "விளையாடாத. தா."

"உங்கட பேரில பாப்பம், அக்கா. ஜனவரி வரைக்கும் எண்டாலும் நான் வாறன், நிக்கிறன், என்ன வேணுமெண்டாலும் செய்யிறன்."

"எல்லாரும் பாக்கினம். தா."

சுகிர்தா பேர்ஸை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"இல்லையக்கா," என்றாள்.